தேடுபொறியின் முதல் வரிசை யாருக்கு?

பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி ரகப் போர் விமானம் ஒன்று, 2025-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. மோசமான வானிலையால் தாய்க்கப்பலுக்குத் திரும்ப இயலாமல் இறங்கிய அந்த விமானத்தில் பின்னர் தொழில்நுட்பக் கோளாறும் சேர்ந்துகொள்ள, ஜூலை 22-ஆம் தேதி வரை, அதாவது ஐந்து வாரங்களுக்கும் மேலாக அது கேரளத் தலைநகரிலேயே தங்க நேர்ந்தது.

இந்த இக்கட்டைக் கேரள சுற்றுலாத் துறை தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. ஜூலை முதல் வாரத்தில் அத்துறை தனது சமூக வலைதளப் பக்கத்தில் ஒரு படத்தை வெளியிட்டது. தென்னை மரங்களின் பின்னணியில் போர் விமானம் நிற்கிறது. கேரளம் அற்புதமான இடம் என்றும், இங்கிருந்து கிளம்ப மனமில்லை என்றும் அந்த விமானமே ஐந்து நட்சத்திரம் வழங்கிப் பாராட்டுவதாகப் படத்தில் வாசகம். பல நாட்டு ஊடகங்கள் அதைச் செய்தியாக்கின. பெரும் விளம்பரச் செலவு எதுவுமின்றித் திருவனந்தபுரத்தின் பெயர் உலகைச் சுற்றி வந்தது.

அந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டு பொய் என்பது படித்த அனைவருக்கும் தெரியும். அதனால்தான் சிரித்தார்கள். ஆனால், இணையத்தில் ஒரு விடுதியையோ, மருத்துவமனையையோ, புடவைக் கடையையோ தேடுபவர் அன்றாடம் காணும் நட்சத்திரங்களில் எது உண்மை, எது விலைக்கு வாங்கப்பட்டது என்பது அவருக்குத் தெரிவதில்லை. தேடல் முடிவுகளில் முதலில் நிற்பது தரமானதா, அல்லது அதிகம் செலவிட்டதா என்பதும் தெரிவதில்லை. இந்த அறியாமையின் மீதுதான் இன்றைய இணையச் சந்தையின் பெரும்பகுதி நடந்துகொண்டிருக்கிறது. இதை ஒழுங்குபடுத்த வேண்டிய தில்லியோ பாதி வழியில் நின்றுகொண்டிருக்கிறது.

முன்னோடியான கேரளம்: இணையவழி விளம்பரத்தில் கேரளம் திடீரென வெற்றி பெற்றுவிடவில்லை. கூகுள் நிறுவனம் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட அதே 1998-ஆம் ஆண்டில்தான் கேரள சுற்றுலாத் துறையின் இணையதளமும் தொடங்கப்பட்டது. "கடவுளின் சொந்த நாடு" என்ற விளம்பர வாசகம் அதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், 1990-இலேயே திருவனந்தபுரத்தில் உருவாகியிருந்ததால், இணையம் அறிந்த இளைஞர்களுக்கும் நகரில் பஞ்சமில்லை.

பல மாநிலங்களின் சுற்றுலாத் தளங்கள் அமைச்சர்களின் படங்களையும் பழைய தொலைபேசி எண்களையும் தாங்கி நின்ற காலத்தில், கேரளத் தளம் திருவிழாக்கள், தெய்யம், கதகளி, உணவு வகைகள், ஆயுர்வேதம், படகுப் பயணம் எனச் செய்திகளைக் குவித்தது. காணொளிகள் சேர்க்கப்பட்டன. இன்று தமிழ் உள்பட 20-க்கும் மேற்பட்ட மொழிகளில் அத்தளத்தைப் படிக்கலாம். ஜெர்மன் மொழியில் ஆயுர்வேதம் பற்றித் தேடுபவருக்கும், தமிழில் பத்மநாப சுவாமி கோயில் பற்றித் தேடுபவருக்கும் அங்கே பதில் இருக்கிறது. பதில் இருக்கும் இடத்தைத் தேடுபொறி தேடி வருகிறது. இதுதான் "தேடுபொறி மேம்பாடு" என்று இன்று வர்த்தக நிறுவனங்கள் கட்டணம் பெற்றுச் செய்யும் பணியின் நேர்மையான வடிவம்.

இரண்டு வாசல்கள்: தேடல் முடிவுகளின் முதல் பக்கத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. முதலாவது, மேலே கூறியதுபோல உள்ளடக்கத்தின் வலிமை. ஒரு பக்கத்தைப் பிற தளங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டும் தளங்கள் எத்தகையவை என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணிப்பதே கூகுள் நிறுவனர்கள் லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வகுத்த முறையின் அடிப்படை. பின்னாளில் இதில் நூற்றுக்கணக்கான அளவுகோல்கள் சேர்ந்தன. போலிச் சுட்டிகளை விலைக்கு வாங்கி முன்னேறிய தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தை 2012-இல் அந்நிறுவனம் கொண்டு வந்தது. ஏமாற்றுபவர்களுக்கும் அதைத் தடுப்பவர்களுக்கும் இடையிலான இந்தப் போட்டி இன்றும் ஓயவில்லை.

இரண்டாவது வாசல் பணம். 2000-ஆம் ஆண்டு முதல் கூகுள் நடத்திவரும் விளம்பரத் திட்டத்தில், தேடப்படும் சொற்கள் ஏலம் விடப்படுகின்றன. "கோவளம் விடுதி" என்று ஒருவர் தட்டச்சு செய்த கணத்தில், அச்சொல்லுக்குப் பணம் கட்டியுள்ள நிறுவனங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏலத் தொகையும் விளம்பரத்தின் தரமும் சேர்ந்து வரிசையைத் தீர்மானிக்கின்றன. விளம்பரம் என்ற குறிப்பு அருகில் இருந்தாலும், அவசரத்தில் தேடுபவர் அதைக் கவனிப்பது அரிது.

இந்த ஏலத்தில் பல நாடுகளில் கிளை பரப்பிய முன்பதிவு நிறுவனமும், ஆறு அறைகள் கொண்ட குடும்ப விடுதியும் ஒரே களத்தில் நிறுத்தப்படுகின்றன. விடுதி உரிமையாளர் தோற்று, இறுதியில் அதே முன்பதிவு நிறுவனத்திடம் கழிவு கொடுத்துத் தன் அறைகளை விற்கிறார். கடற்கரை அவருடையது போலத்தான் தோன்றும், கடைவாசல் வேறொருவருடையது.

பாலராமபுரத்தின் நிலை: இதன் பாதிப்பைப் புரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள பாலராமபுரத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், இன்றைய தமிழ்நாட்டின் தென்பகுதியிலிருந்து சாலியர் குல நெசவாளர் குடும்பங்கள் அங்கு குடியமர்த்தப்பட்டன. அவர்களின் வழித்தோன்றல்கள் குழித்தறியில் நெய்யும் மெல்லிய பருத்தித் துணியும், கசவுக் கரையிட்ட வேட்டி, புடவைகளும் ஓணப் பண்டிகையின் அடையாளமாகவே மாறின. பாலராமபுரம் புடவைகளுக்கும் நுண்பருத்தித் துணிகளுக்கும் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது.

கைத்தறிப் புடவை ஒன்றை நெய்து முடிக்க நாள் கணக்கில் ஆகிறது. விசைத்தறியில் அதே தோற்றமுள்ள துணி மிகக் குறைந்த நேரத்தில், குறைந்த விலையில் உருவாகிவிடும். விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது என்பது நெசவாளர்களின் நெடுநாளைய குறை. முன்பு இந்தக் குறை கடைத்தெருவோடு நின்றது. வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், இரு புறமும் திருப்பிப் பார்க்கலாம், தெரிந்தவரைக் கேட்கலாம். இணையத்தில் தொட்டுப் பார்க்க வழியில்லை. "பாலராமபுரம் கசவு" என்ற சொல்லுக்குப் பணம் கட்டி விளம்பரம் செய்பவரிடம் தறி இருக்கிறதா என்று தேடுபொறி கேட்பதில்லை. பெயரின் பெருமையை இரு நூற்றாண்டுகளாக உழைத்துச் சேர்த்தவர் நெசவாளர். அப்பெயரை ஏலத்தில் எடுப்பவரோ வேறு யாரோ.

இத்தகைய பிரச்னை நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. பிற நிறுவனத்தின் வணிக முத்திரையை விளம்பரத்துக்கான தேடுசொல்லாகப் பயன்படுத்துவது குறித்து அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொடர்புடைய வழக்கில், தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. முத்திரையைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே உரிமை மீறலாகிவிடாது என்றும், அதே வேளையில் கூகுள் இதில் வெறும் பார்வையாளர் அல்ல, செயல்பட்டுப் பங்கேற்கும் நிறுவனம் என்றும் நீதிமன்றம் கூறியது. மீறல் நிகழ்ந்தால் இடையீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பை அது கோர முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தில்லிவரை வந்து வழக்காட வசதியுள்ள நிறுவனத்துக்கு இது பயன்படும். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வழக்கு தொடர முடியுமா?

அழைத்து வரப்பட்ட பாராட்டு: சமூக வலைதள விளம்பரத்திலும் இதே குழப்பம் உண்டு. பெருந்திரளானோர் பின்தொடரும் வலைப்பதிவர்களை அழைத்து வந்து, பயணச் செலவும் தங்குமிடமும் அளித்து, காணொளி எடுக்கச் செய்வது இன்று அரசுத் துறைகளே பின்பற்றும் முறை. கேரள சுற்றுலாத் துறை அவ்வாறு அழைத்தவர்களில் ஒருவர், 2025 மே மாதம் உளவுக் குற்றச்சாட்டில் ஹரியாணாவில் கைது செய்யப்பட்ட வலைப்பதிவர் என்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட பதிலால் அதே ஆண்டு ஜூலையில் தெரியவந்தது. நல்லெண்ணத்துடனேயே அழைக்கப்பட்டார் என்று அப்போதைய சுற்றுலா அமைச்சர் பி.ஏ. முகமது ரியாஸ் விளக்கமளித்தார். அரசியல் கட்சிகள் மோதிக்கொண்டன.

அந்த மோதலில் முக்கியமான கேள்வி ஒன்று பின்னுக்குப் போனது. அரசுச் செலவில் எடுக்கப்படும் காணொளி என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்ள முடிகிறதா என்பதே அது. நுகர்வோர் விவகார அமைச்சகம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமன்றி இலவசப் பயணம், தங்குமிடம், பரிசு போன்ற எந்தப் பயனைப் பெற்றிருந்தாலும், அதைத் தெளிவாகத் தெரிவித்த பிறகே ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைக்க வேண்டும். இவ்விதி தனியாருக்கு மட்டுமல்ல, அரசு அழைத்து வரும் விருந்தினருக்கும் பொருந்த வேண்டும். முன்னுதாரணமாக இருக்க வேண்டிய இடம் அரசுத் துறைதான்.

பாதி வழியில் தில்லி: சட்டங்கள் இல்லை என்று கூற முடியாது. 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரையும், மீண்டும் தவறிழைத்தால் ரூ. 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவரும் தப்ப முடியாது.

போலி விமர்சனங்களைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையை வெளியிட்டது. விமர்சனம் எழுதுபவர் உண்மையான நபர்தானா என்று சரிபார்ப்பது, பணம் பெற்று எழுதியவற்றைத் தவிர்ப்பது உள்ளிட்ட நல்ல விதிகள் அதில் உள்ளன. ஆனால், விரும்பினால் பின்பற்றலாம் என்ற நிலையிலேயே அது அறிமுகமானது. போலி விமர்சனங்கள் குறையாத நிலையில், அதைக் கட்டாயமாக்கும் ஆணையின் வரைவு குறித்து 2024 மே மாதம் நிறுவனங்களுடன் அமைச்சகம் ஆலோசனை நடத்தியது. ஆலோசனை நடக்கும் வேகத்தைவிடப் போலி நட்சத்திரங்கள் பெருகும் வேகம் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேடல் வரிசையின் மீதான ஆதிக்கம் குறித்த முதல் பெரிய புகார்களில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்துதான் எழுந்தது. பாரத்மேட்ரிமோனி திருமணத் தளத்தை நடத்திய சென்னை நிறுவனமும், நுகர்வோர் அமைப்பான "கட்ஸ்" அமைப்பும் அளித்த புகார்களின் மீது, இந்திய தொழில் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணம் குறித்துத் தேடுவோரின் கவனத்தைத் தன் சொந்தச் சேவையின் பக்கம் திருப்பும் வகையில் முடிவுகளை அமைத்தது, ஆணையம் குறிப்பிட்ட தவறுகளில் ஒன்று. புகார் தாக்கலானது 2012-இல். உத்தரவு வந்தது 2018-இல். இணைய உலகில் ஆறு ஆண்டுகள் என்பது ஒரு யுகம்.

இந்தத் தாமதத்தை உணர்ந்தே, ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, 2022 டிசம்பரில் தாக்கல் செய்த அறிக்கையில், தவறு நடந்த பிறகு விசாரிப்பதற்குப் பதிலாக முன்கூட்டியே தடுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தங்கள் சேவைக்கே முன்னுரிமை அளிப்பதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. அதன் தொடர்ச்சியாக எண்ம போட்டிச் சட்ட மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. பெருநிறுவனங்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்ததும் ஆரம்ப வேகம் தணிந்துவிட்டது.

விளம்பர வருவாயின் மீதான வரியின் கதையும் இதுவே. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணைய விளம்பரத்துக்காகச் செலுத்தப்படும் தொகையின் மீது 6 சதவீத சமன்படுத்தும் வரி 2016 ஜூன் முதல் வசூலிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அது நீக்கப்பட்டது. வரியை விதித்தபோதும் நீக்கியபோதும் விவாதம் பெரிதும் அரசின் வருவாயையும், அமெரிக்காவுடனான வர்த்தக உறவையும் சுற்றியே நடந்தது. அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டும் உள்ளூர் வியாபாரிக்கு என்ன நியாயம் கிடைக்கிறது என்ற கேள்வி அவையில் உரக்க ஒலிக்கவில்லை.

பிற நாடுகள் காத்திருக்கவில்லை. ஒப்பிட்டு வாங்கும் தேடலில் தன் சேவைக்கு முன்னுரிமை அளித்ததற்காக கூகுளுக்கு ஐரோப்பிய ஆணையம் 2017-இல் விதித்த 242 கோடி யூரோ அபராதத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதி செய்தது. இணையத் தேடலில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரிலும், அதையொத்த சட்டப் பிரிவு பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

மறுதரப்பு வாதம்: தேடுபொறிகளும் சமூக வலைதளங்களும் சிறு வியாபாரிகளுக்கு நன்மையே செய்திருக்கின்றன என்பது நிறுவனங்களின் வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. வர்க்கலைக் குன்றின் மேல் சிறு உணவகம் நடத்துபவர் நாளிதழில் கால்பக்க விளம்பரம் கொடுக்க முடியாது. ஆனால், வரைபடத்தில் தன் கடையை இலவசமாகப் பதிவு செய்து, வெளிநாட்டுப் பயணியின் கைப்பேசியில் தோன்ற முடியும். இந்த வாய்ப்பை அடைக்கும் அளவுக்குக் கட்டுப்பாடுகள் அமைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை நியாயமானதே.

ஆனால், இலவச வாசல் நாளுக்கு நாள் குறுகி வருகிறது என்பதும் உண்மை. தேடலின் உச்சியில் விளம்பரங்கள். இந்தியாவிலும் 2024 ஆகஸ்டில் அறிமுகமான செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் அடுத்த போட்டியாளர். கேட்ட கேள்விக்குச் சுருக்கத்திலேயே பதில் கிடைத்துவிட்டால், அப்பதிலுக்கான செய்தியைத் திரட்டிக் கொடுத்த தளத்துக்கு வாசகர் செல்ல வேண்டிய அவசியம் குறைகிறது. உழைத்து எழுதியவருக்குக் கிடைத்த ஒரே கூலியான வாசகரின் வருகையும் சுருங்கினால், எஞ்சுவது பணம் கட்டும் வாசல் மட்டுமே.

செய்ய வேண்டியவை: இதற்குப் புதிய அமைச்சகமோ, பெரும் நிதியோ தேவையில்லை. முதலாவதாக, புவிசார் குறியீடு பெற்ற பெயரைத் தேடுசொல்லாகக் கொண்டு விளம்பரம் செய்பவர், அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர்தானா என்று சரிபார்க்கும் பொறுப்பை விளம்பரத் தளங்களின் மீது சுமத்த வேண்டும். பதிவேடு அரசிடமே இருக்கிறது. பாலராமபுரத்துக்கு மட்டுமல்ல, காஞ்சிப் பட்டுக்கும் பத்தமடைப் பாய்க்கும் இதே பாதுகாப்பு தேவை.

இரண்டாவதாக, விமர்சனங்களுக்கான தரநிலை மேலும் காலதாமதமின்றிக் கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, விளம்பரம் எது, இயல்பான முடிவு எது என்பது அந்தந்த மொழியில், கண்ணில் படும் அளவில், தெளிவாக இருக்க வேண்டும். நான்காவதாக, பெருந்தளங்கள் தம் சேவைகளுக்குத் தாமே முன்னுரிமை அளிப்பதைத் தடுக்கும் மசோதாவை, தேவையான திருத்தங்களுடன் நாடாளுமன்றத்தின் முன் அரசு வைக்க வேண்டும். நிறைகுறைகளை உறுப்பினர்கள் விவாதிக்கட்டும்.

கேரள அரசுக்கும் ஒரு கடமை உண்டு. கணினி அறிவைப் பரப்ப 2002-இல் மலப்புரத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அட்சய மையங்கள் இன்றும் மக்களுக்குச் சேவை அளிக்கின்றன. அரசின் சுற்றுலாத் தளம் கால் நூற்றாண்டில் கற்ற வித்தையை, அதாவது உண்மையான செய்தியை, பல மொழிகளில், தேடுபவருக்குப் புரியும்படி அளிக்கும் வித்தையை, அந்த மையங்கள் வழியாக நெசவாளருக்கும் படகோட்டிக்கும் குடும்ப விடுதி நடத்துபவருக்கும் கற்றுக்கொடுக்கலாம். தமிழ்நாடும் இதைப் பின்பற்றலாம்.

திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளத்தை, வணிகர்கள் வந்து கடை விரிக்கும் பெருஞ்சந்தையாகத் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கினார். தமிழ் வணிகர்கள் பலரும் தலைமுறை தலைமுறையாக அங்கு வியாபாரம் செய்கின்றனர். சந்தையில் எடைக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எந்த ஆட்சியிலும் அரசின் பொறுப்பு. இன்று சந்தை திரைக்குள் புகுந்துவிட்டது. நட்சத்திரங்களும் வரிசை எண்களுமே இப்போது எடைக்கற்கள். அவற்றைச் சோதிக்கும் பொறுப்பை, எடைக்கல்லை வைத்திருக்கும் நிறுவனத்திடமே விட்டுவிடுவது ஆட்சிக்கு அழகல்ல.